இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது காருக்குப் பெரிய வேகமில்லை. ஆனால் அந்த வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். காரின் முன்பகுதி நசுங்கி, அரை மீட்டர் தூரத்துக்குள் வண்டி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவரைத் தடுத்து நிறுத்த அவருடைய எடையைப்போல் 20 மடங்கு விசை வேண்டும். 4 கிலோ கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மா, அந்தக் கணத்தில் 80 கிலோவை இழுத்துப் பிடித்தாக வேண்டும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கை விட்டுவிடும்.

கைக்குழந்தைக்கான கார் சீட்டுகளில் பல இரண்டு பாகமாக வருகின்றன. ‘பேஸ்’ எனப்படும் அடிப்பாகம் காரிலேயே இருக்கும். குழந்தை படுத்திருக்கும் கூடை அதன்மேல் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். காரில் குழந்தை இருக்கைக்கென்றே உள்ள ‘ஐசோஃபிக்ஸ்’ கொக்கி இருந்தால் பேஸை அதில் மாட்டலாம். இல்லையென்றால் சீட் பெல்ட்டே போதும். ஒழுங்காக மாட்டினால் பாதுகாப்பில் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. ஆனால் சும்மா மாட்டினால் போதாது, இறுக்கமாக மாட்ட வேண்டும்.

ஏன் இந்த இறுக்கம்? மோதிய காரின் முன்பகுதி மடிந்து நசுங்க நசுங்கத்தான் வண்டியின் வேகம் குறைகிறது. இதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனாலும் உயிர் காப்பது அந்தச் சிறிய அவகாசம்தான். பேஸ் காரோடு காராக இறுகியிருந்தால், மோதிய உடனேயே குழந்தையின் வேகமும் குறையத் தொடங்கிவிடும். பெல்ட் தொளதொளவென்று இருந்தாலோ, காரின் வேகம் குறைந்துகொண்டிருக்கும்போது குழந்தையின் இருக்கை மட்டும் பழைய வேகத்தில் முன்னே பாயும். தளர்வு தீர்ந்ததும் வெடுக்கென்று நிற்கும். மிச்சமிருக்கும் கொஞ்ச தூரத்தில் மொத்த வேகத்தையும் இழக்க வேண்டியிருப்பதால், பிஞ்சு உடலில் விழும் விசை பல மடங்காகக் கூடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். சீட் பெல்ட் குழந்தை இருக்கைக்காகப் பிறந்ததல்ல. இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை 1959-ல் உலகுக்குத் தந்தவர் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின். அதற்குமுன் போர் விமானங்களில் விமானியை வெளியே தூக்கியெறியும் இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். பின்னாளில் சேர்ந்த சுருள் உருளை, பெரியவர்கள் குனிந்து நிமிர வசதியாக பெல்ட்டை நீளவும் சுருங்கவும் விடுகிறது. திடீரென்று பிரேக் பிடித்தால் மட்டும் அதனுள் இருக்கும் சிறு எஃகுக் குண்டு உருண்டு, ஒரு நெம்புகோலைத் தூக்கிவிட, அது பல்சக்கரத்தில் சிக்கி உருளையைப் பூட்டிவிடும். ஆக, சாதாரண நேரத்தில் இந்த பெல்ட் தளர்ந்துதான் இருக்கும். பேஸுக்கோ எந்நேரமும் இறுகிய பெல்ட் வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல், குழந்தை இருக்கைக்காக பெல்ட்டைப் பூட்டும் வசதி கட்டாயம். அங்கே பல கார்களில் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துவிட்டால் உருளையின் குணமே மாறிவிடும். அதன்பின் ‘கிளிக் கிளிக்’கென்று உள்ளே மட்டுமே போகும், வெளியே வராது. முழுவதும் சுருள விட்டால் பழையபடி ஆகிவிடும். இரண்டாவது வழி, பேஸிலேயே ஒரு கவ்வியை வைப்பது. காரின் உருளை எப்படிப்பட்டதாக இருந்தாலும், கவ்வியை மூடினால் பெல்ட் நகராது.

மாட்டும் முறையைப் பார்ப்போம். பின் சீட்டில் பேஸைப் பதிய வைத்து, அதற்குரிய வழியில் பெல்ட்டை முறுக்கில்லாமல் நுழைத்து பக்கிளில் மாட்டுங்கள். ஐரோப்பியத் தரத்தில் செய்தவற்றில், பின்னோக்கி வைக்கும் இருக்கைக்கான பெல்ட் வழி நீல நிறத்தில் இருக்கும். ஒரு கையால் பேஸை நன்றாக அழுத்தி, சீட்டின் பஞ்சு அமுங்கியிருக்கும்போதே மறு கையால் பெல்ட்டை இழுத்துப் பூட்டுங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் பேஸைப் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது. வேறு ஓரத்தைப் பிடித்து ஆட்டினால் கூடுதலாகத்தான் அசையும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

சாய்வும் முக்கியம். பச்சிளம் குழந்தையின் தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு. அதைத் தாங்கும் வலு கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. பேஸ் நிமிர்ந்திருந்தால் தலை முன்னே சரிந்து, தாடை மார்பில் முட்டி, மூச்சுக்குழாய் அடைபடும். அதிகம் சாய்ந்திருந்தால் மோதலின்போது உடல் மேல்நோக்கி வழுக்கும். பேஸில் உள்ள கோடோ குமிழியோ சரியான சாய்வைக் காட்டிவிடும்.

கைக்குழந்தையின் முகம் காரின் பின்புறம் நோக்கியே இருக்க வேண்டும். கழுத்தெலும்புகள் முழுதாகக் கூடாமல் குருத்தெலும்பால் இணைந்திருக்கும் வயது அது. முன்னோக்கி உட்கார்ந்தால் உடலை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாயும். பின்னோக்கி இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் இருக்கையே சேர்த்துத் தாங்கும். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்தபடி ராக்கெட்டின் உந்துதலை முதுகால் வாங்கிக்கொண்டதைக் கண்டுதான், சுவீடன் மருத்துவர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960-களில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை உருவாக்கினார். ஏர்பேக் இயங்கும் முன்பக்க சீட்டில் மட்டும் இதை வைக்கவே கூடாது. கண் இமைக்கும் நேரத்தில் விரியும் பை, குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள இருக்கையின் முதுகில்தான் அறையும்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தைகளுக்கான தடுப்பமைப்போ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆனாலும் மடிதான் இங்கே பல குழந்தைகளுக்கு இன்றும் இருக்கை. கார் சீட் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன், அது உங்கள் காரின் பெல்ட்டில் இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கையேட்டைப் படியுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பேஸை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.