படகு வேண்டாம்... கரையிலிருந்தே கடலுக்குள் இறங்கலாம்! ஸ்கூபாவுக்கு எந்தத் தீவு யாருக்கு செட் ஆகும்?

ஸ்கூபா டைவிங் என்றாலே படகுப் பயணமும் குமட்டலும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால், சில தீவுகளில் படகே தேவையில்லை. சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, ஆற்றில் குளிக்க இறங்குவதுபோல கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடலாம். சில நிமிடங்கள் நீந்தினால் பவளப்பாறை வந்துவிடும். இதற்குப் பெயர்தான் ஷோர் டைவிங். படகுச் செலவு மிச்சம். யாருடைய நேரத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் மீனையும் ஆமையையும் பார்த்துத்தான் பலர் தீவைத் தேர்வு செய்கிறார்கள். ஷோர் டைவிங்கைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது கரையை. காற்று நிரப்பிய சிலிண்டர் மட்டுமே 15 கிலோ இருக்கும். இடுப்பில் கட்டும் எடை, மற்ற சாதனங்கள் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். அந்தச் சுமையோடு அலைக்குள் இறங்குவதும், களைத்துப்போன பிறகு திரும்பக் கரையேறுவதும்தான் உண்மையான சவால். இந்தக் கணக்கில் நான்கு தீவுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பொனேர்: நீங்களே ராஜா, நீங்களே வேலையாள்

கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் நெதர்லாந்தின் குட்டித் தீவு இது. இங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால், மேற்குக் கரையில் கடல் பெரும்பாலான நாள்களில் அமைதியாக இருக்கும். பவளப்பாறையும் கரையை ஒட்டியே தொடங்கிவிடும். இறங்கும் இடங்களைச் சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் காட்டிக்கொடுக்கும். பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, பிடித்த இடத்தில் நிறுத்தி இறங்க வேண்டியதுதான்.

தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. கட்டணம் செலுத்தி, விதிமுறைகளைக் கேட்டுக்கொண்ட பிறகே இறங்க முடியும். பவளத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வரக்கூடாது என்பதற்காகக் கையுறை அணியவும் தடை.

சிக்கல் எங்கே? பல இடங்களில் மணல் இல்லை. கூர்மையான பாறையும் உடைந்த பவளத்துண்டுகளும்தான். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் இல்லாமல் இறங்க முடியாது. சிலிண்டரை நீங்களேதான் தூக்க வேண்டும். வண்டியில் விட்டுப்போகும் பொருள் திருடுபோகலாம் என்பதால், பர்ஸையும் போனையும் அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். அனுபவசாலிகளுக்கு இது சொர்க்கம். முதன்முறை இறங்குபவருக்கு அல்ல.

குரசாவ்: குடும்பத்தோடு போகலாம்

பொனேரின் பக்கத்துத் தீவு. சின்னச் சின்ன மணல் விரிகுடாக்கள் இதன் பலம். ஒருவர் டைவ் செய்யும்போது, மற்றவர்கள் கரையில் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். இங்கே மூழ்கிக்கிடக்கும் ஓர் இழுவைப் படகு சுமார் 5 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. ஸ்நார்க்கெல் மாட்டி மேலே மிதப்பவர்களும் அதைப் பார்த்துவிடலாம். இரண்டு தீவுகளுக்குமே இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது என்பதால், நேரமும் செலவும் அதிகம்.

பாலி: எரிமலை தள்ளிவிட்ட கப்பல்

பாலியின் வடகிழக்கில் உள்ள துலாம்பென் கிராமத்துக்கு உலகமே தேடி வரக் காரணம், 'லிபர்ட்டி' என்ற அமெரிக்க சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியதால், இதை இழுத்துவந்து இந்தக் கரையில் ஏற்றிவிட்டார்கள். 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கப்பல் கடலுக்குள் சரிந்தது. இப்போது அதன் மேல்பகுதி சுமார் 5 மீட்டரிலும், அடிப்பகுதி 30 மீட்டர் ஆழத்திலும் இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே போதும்.

கரை முழுக்க உருளும் கூழாங்கற்கள். அலை அடிக்கும்போது வெறுங்கையோடு நிற்பதே கஷ்டம். அதே கற்களின் மேல் உள்ளூர்ப் பெண்கள் சிலிண்டர்களைத் தலையில் சுமந்து விறுவிறுவென நடக்கிறார்கள். சுற்றுலாப் பயணியின் முதுகுவலியைக் குறைப்பது இவர்களின் உழைப்புதான். உதவிக்கு ஆள், கூடவே வழிகாட்டி என்பதால், பயிற்சி முடித்த புதியவர்களும் அலை அடங்கிய நாளில் இங்கே இறங்கலாம்.

ஸ்வராஜ் தீவு: பாஸ்போர்ட் தேவையில்லை

அந்தமானின் ஹேவ்லாக், 2018 முதல் ஸ்வராஜ் தீவு. சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் என்ற ஸ்ரீ விஜயபுரம், அங்கிருந்து கப்பலில் தீவு. அவ்வளவுதான் பயணம். 2-ம் எண் கடற்கரையை ஒட்டிய 'நெமோ ரீஃப்' ஆழம் குறைவானது. பயிற்சியாளர் கையைப் பிடித்தே அழைத்துப் போவதால், நீச்சல் தெரியாதவர்களும் இங்கே முதல் அனுபவத்தைப் பெறுகிறார்கள். கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன் இங்கே உண்டு, கரீபியனில் கிடையாது.

ஆனால், நீர் வற்றும் நேரத்தில் இந்தக் கரையில் பாறைகள் தலைகாட்டும். அதனால் கடல் ஏற்றம் பார்த்துத்தான் நேரம் ஒதுக்குவார்கள். தீவின் புகழ்பெற்ற ஆழமான இடங்களுக்குப் படகில்தான் போக வேண்டும்.

கிளம்பும் முன் கவனிக்க...

* ஆஸ்துமா, இதயப் பிரச்னை, காது அறுவை சிகிச்சை என எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள், படிவத்தில் மறைக்காதீர்கள்.
* தனியாக இறங்கவே கூடாது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.
* இறங்கும் இடத்தைவிட ஏறும் இடத்தை நன்றாகப் பாருங்கள். சிலிண்டரில் காற்று மிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள்.
* தொடர்ந்து பல டைவ்கள் செய்தால், அடுத்து விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும்.
* பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது கல் அல்ல, உயிர்.

படகில் போனால், கடல் சரியில்லாதபோது 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லப் படகோட்டி இருப்பார். திரும்பி வந்ததும் தலையை எண்ணவும் ஆள் இருக்கும். கரையிலிருந்து நீங்களே இறங்கும்போது அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் அங்கே பெரிய ஆபத்து. அலை பெரிதாகத் தெரிந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிடுங்கள். கடல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்!