மலைநாட்டுக் குழலோசை

ஜனவரித் திங்கள் 29-ஆம் நாள் மாலையில் புது தில்லி விஜய் சௌக்கில், படைகள் பாசறைக்குத் திரும்பும் நிகழ்ச்சியை நம் அன்பர்களுள் பலர் கண்டு களித்திருப்பர். பித்தளை வாத்தியங்கள் முழங்கி ஓய்ந்ததும், தோற்பையை இடது கக்கத்தில் இடுக்கி, மூன்று நீண்ட குழல்களைத் தோள்மீது சாய்த்தவண்ணம் வீரர்கள் அணியணியாக வருகின்றனர். முரசு அதிர, அந்தப் பைப் வாத்தியத்தின் இடையறாத ஓசை மைதானத்தை நிறைக்கிறது. வடநாட்டுத் திருமண ஊர்வலங்களிலும் இவ்வாத்தியத்தைக் காண்கிறோம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஸ்காட்லாந்துப் படைகளுடன் இங்கு வந்து, நம் படைகளிலும் நிலைத்துவிட்ட வாத்தியம் இது. இது பிறந்த மண்ணில் இதன் கதை யாது? பிறந்த ஊரை விட்டு வந்து பிற ஊரில் வாழும் நமக்கு அக்கதையில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆதலின் அதனை ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

ஸ்காட்லாந்தின் வடபகுதியும் மேற்குப் பகுதியும் மலைநாடு எனப்படும். கோடைக்காலத்தில், மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை, ஊர்தோறும் அங்கு விழாக் கூட்டங்கள் நடைபெறும். நெடிய மரத்தடியை நிமிர்த்தித் தூக்கி எறிதல், சம்மட்டி எறிதல், மலைநாட்டு நடனம் ஆகிய போட்டிகளுடன் பைப் இசைப் போட்டிகளும் அவற்றில் உண்டு. செப்டம்பர் முதல் சனிக்கிழமையன்று பிரேமார் என்னும் ஊரில் கூடும் விழாவுக்கு விக்டோரியா அரசியார் 1848-இல் வந்தார். அன்று முதல் அரச குடும்பத்தினர் அதற்கு வரும் வழக்கம் வேரூன்றிற்று. கிளைடு கழிமுகத்தின் கரையிலுள்ள டனூன் நகரின் கௌவல் விழா ஆகஸ்டு இறுதியில் நடைபெறும். அங்கே பைப் பாண்டுகளுக்கெனத் தனிப் போட்டி 1906-லேயே தொடங்கிற்று. மாலையில் எல்லாக் குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகர வீதியில் அணிவகுத்துச் செல்வது அவ்விழாவின் தனிச் சிறப்பு.

துருத்தியும் குழலும்

இவ்வாத்தியத்தின் அமைப்பு எளியது; ஆயினும் வாசிப்பவனுக்கு அது அளிக்கும் உரிமை மிகக் குறைவு. வாசிப்பவன் ஒரு குழலின் வழியே தோற்பையை ஊதி நிரப்புகிறான். கக்கத்தால் பையை அழுத்தக் காற்று வெளியேறுகிறது. ஒரு பகுதி, சாண்டர் எனப்படும் துளைக்குழலுக்குச் சென்று பாட்டாகிறது. மறுபகுதி தோள்மேல் நிற்கும் மூன்று சுருதிக் குழல்களுக்குச் சென்று, நம் நாகசுரத்தின் ஒத்துப்போல் ஒரே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கிறது. சாண்டரில் ஒன்பது சுரங்களே உண்டு. நாகசுர வித்துவான் சீவாளியை உதட்டால் பிடித்து வாசிப்பதால் ஓசையைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். பைப்பிலோ சீவாளி குழலுக்குள்ளே இருக்கிறது. உதடு அதனைத் தொடுவதில்லை. ஓசை பெருகாது, குறையாது, இடையில் நிற்காது. ஒரே சுரம் இருமுறை வரவேண்டுமானால் இடையே இமைப்பொழுதில் வேறொரு சுரத்தை விரலால் தட்டிப் பிரித்தாக வேண்டும். அந்த விரல் நுட்பமே இக்கலையின் உயிர்.

ஒருவர் வாசிப்பதே இவ்வளவு அரிதென்றால், இருபது பேருக்கு மேல் சேர்ந்து வாசிப்பதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ? சீவாளி நாணலால் ஆனது. வெயில் வந்தால் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும், மூச்சின் ஈரமும் அதனை மாற்றும். ஸ்காட்லாந்தின் வானமோ ஒரு மணி நேரத்திற்குள் வெயிலும் மழையும் காட்டுவது. ஆகவே போட்டிக்கு முன் குழுத் தலைவர் ஒவ்வொருவரிடமும் சென்று குழல்களைச் சரிசெய்தவண்ணமே இருப்பார். பிறகு குழு திடலுக்குள் நடந்து வந்து, உள்நோக்கி வட்டமாக நிற்கும். காண்போருக்குத் தெரிவது பெரும்பாலும் அவர்தம் முதுகே. நடுவர்கள் வட்டத்தைச் சுற்றி நடந்து செவிமடுப்பர். முரசுகள் மும்மூன்று அடிக்கு இருமுறை உருண்டொலிக்க, எல்லாக் குழல்களும் ஒரே கணத்தில் வாய்திறக்க வேண்டும். ஒருவர் பை சற்று முந்தி ஒலித்தாலும் போட்டி அப்பொழுதே கைநழுவலாம். ஆண்டு முழுவதும் பயின்றதெல்லாம் ஐந்து முதல் ஏழு நிமிடங்களில் முடிந்துவிடும்.

லண்டன் மாநகரில் ஒரு சங்கம்

பழங்காலத்தில் இவ்விசை மலைநாட்டுக் குடித்தலைவர்களின் ஆதரவில் வளர்ந்தது. ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டையிலிருந்த மக்கிளௌட் தலைவர்களுக்கு மக்கிரிம்மன் குடும்பத்தார் பரம்பரை வித்துவான்களாக இருந்தனர். போரரெய்க் என்னும் இடத்தில் அவர்கள் நடத்திய குருகுலத்திற்குப் பல திசைகளிலிருந்தும் மாணாக்கர் வந்தனர். பாடம் ஏட்டில் இல்லை; வாயில் இருந்தது. ஒவ்வொரு சுரத்திற்கும் விரலசைவிற்கும் ஓர் அசை வகுத்து, குரு பாட, சீடன் பாடி மனத்தில் இருத்திய பின்னரே குழலைத் தொடுவான். நம் மிருதங்க ஆசிரியர் சொற்கட்டைச் சொல்லிக் கொடுப்பதை இது நினைவூட்டுகிறதன்றோ!

1746-இல் கல்லோடன் போரில் மலைநாட்டார் தோல்வியுற்றனர். அதன்பின் இயற்றப்பட்ட சட்டம் இவ்வாத்தியத்தையே தடை செய்தது என்று பலரும் எழுதுவதுண்டு. அது சரியன்று. சட்டம் தடுத்தவை ஆயுதங்களும் மலைநாட்டு உடையும்; பைப்பின் பெயர் அதில் இல்லை. ஜேம்ஸ் ரீட் என்னும் பைப் கலைஞர் அவ்வாண்டே யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார் என்பதும், அவருடைய வாத்தியம் போர்க்கருவியே என்று நீதிமன்றம் கருதிற்று என்பதும் உண்மை. எனினும் இக்கலையை நலிவித்தது சட்டத்தினும் பெரிதான வேறொன்று. குடித்தலைவர்கள் வாடகை எண்ணும் நிலக்கிழார்களாக மாறினர். வித்துவான்களுக்கு விடப்பட்டிருந்த நிலங்கள் போயின. போரரெய்க் குருகுலமும் மூடப்பட்டது. பின்னர் ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டி மக்களையே ஊர் ஊராக வெளியேற்றினர். கேட்பாரும் இல்லை, காப்பாரும் இல்லை என்னும் நிலை வந்தது.

அந்நிலையில் இக்கலைக்குக் கை கொடுத்தவர்களுள் முன்னின்றவர் மலைநாட்டில் இருந்தவரல்லர். 1778-இல் லண்டனில் வாழ்ந்த மலைநாட்டார் சிலர் கூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அதன் பெயர் லண்டன் மலைநாட்டுச் சங்கம். ஊரைப் பிரிந்திருந்தவர்க்குத்தான் ஊரின் ஓசை அருகி வருவது முதலில் செவிப்பட்டது போலும்! அச்சங்கத்தார் 1781-இல், பெரிய மாட்டுச் சந்தை கூடும் ஃபால்கர்க் நகரில் பைப் இசைப் போட்டி ஒன்றை நடத்தினர். பரிசாகப் புதிய வாத்தியத்தையே வழங்கினர். அப்போட்டி பின்னர் எடின்பரோ நகருக்கு மாறிப் பல்லாண்டுகள் நடந்தது. வாய்மொழியாக மட்டுமே இருந்த பாடல்களைச் சுரப்படுத்தி எழுதுவோரையும் அவர்கள் ஊக்கினர்.

இதில் இழப்பே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். போட்டி என்று வந்துவிட்டால் நடுவர் விரும்பும் பாணியே நல்ல பாணி என்றாகிவிடும். ஏட்டில் ஏறிய பாடம் நிலைக்க, ஏறாத பாடங்கள் மறைந்தன. சங்கத்தைச் சேர்ந்த செல்வர்களுள் தம் குடிகளை வெளியேற்றிய நிலக்கிழார்களும் இருந்தனர். இத்தனையும் மெய்யே. ஆயினும் அந்தப் போட்டி மட்டும் இல்லாதிருந்தால் இன்று நாம் கேட்பதில் எத்துணை எஞ்சியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

சுரங்கத்திலிருந்து பந்தயத் திடலுக்கு

தனி வித்துவானுக்கு உரியதாயிருந்த வாத்தியம் முரசுடன் சேர்ந்து பாண்டு ஆனது படைகளில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மலைநாட்டுப் படைப்பிரிவுகள் பைப் கலைஞர்களை வைத்துக்கொள்ள அரசு முறைப்படி இசைந்தது. படையிலிருந்து திரும்பியவர் வாயிலாக இக்கலை ஆலைத் தொழிலாளரிடமும் சுரங்கத் தொழிலாளரிடமும் பரவிற்று. கிளாஸ்கோ போலீஸ் பாண்டின் வரலாறு 1883-இலிருந்து தொடங்குகிறது. ஷாட்ஸ் என்னும் நிலக்கரி ஊரில் 1910-இல் தோன்றிய குழு பின்னர் உலகப் பட்டங்கள் பல வென்றது. பகலெல்லாம் மண்ணுக்கடியில் கரி தோண்டிய கைகள் இரவில் குழலின் துளைகளைத் தேடின. தலைவன் போன இடத்தில் ஊரே தலைவனாயிற்று என்பதே இதன் பொருள்.

1930-இல் இக்குழுக்களெல்லாம் கூடிச் சங்கம் அமைத்தன. அச்சங்கம் 1947 முதல் உலகப் போட்டியை நடத்தத் தொடங்கிற்று. 1986 முதல் அது ஆகஸ்டு மாதத்தில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்று வருகிறது. முதல் தரக் குழு முதல் இளஞ்சிறார் குழு வரை தரம் தரமாகப் பிரித்திருப்பதால், பத்து வயதுப் பிள்ளையும் உலகச் சாம்பியனும் ஒரே நாளில் ஒரே திடலில் நிற்கின்றனர். ஊர்க் குழுக்கள் பலவற்றில் முரசும் உடையும் குழுவின் பொதுச் சொத்து. பிள்ளை முதலில் பயில்வது பையில்லாத சிறு பயிற்சிக் குழலில். விரல் படிந்த பின்னரே, ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து, பெரிய வாத்தியம் கைக்கு வரும். பக்கத்தில் நின்று வாசிப்பவர் அவன் தந்தையாகவும் இருக்கலாம், தபால்காரராகவும் இருக்கலாம்.

இதன் பயனுக்கு ஒரு சான்று காட்டுவோம். ஃபைன் ஏரிக்கரையிலுள்ள இன்வெரேரி மிகச் சிறிய ஊர். அங்கே 2005-இல் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்து ஒரு குழுவைத் தொடங்கினர். கடைநிலைத் தரத்திலிருந்து படிப்படியாக ஏறிய அக்குழு 2017-இல் உலகப் பட்டம் வென்றது. இடையில் கழிந்தவை பன்னிரண்டே ஆண்டுகள்!

ஹெக்டர் கப்பல்

ஊரை விட்டுச் சென்றவரும் இவ்விசையை உடன் கொண்டு சென்றனர். 1773-இல் ஹெக்டர் என்னும் கப்பல் மலைநாட்டுக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, இன்று கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்குப் புறப்பட்டது. பயணக் கட்டணம் செலுத்தாத பைப் கலைஞன் ஒருவன் அதில் ஏறியிருந்தானாம். கப்பல் தலைவன் அவனை இறங்கச் சொன்னபோது, அவன் குழலோசையைக் கேட்டு மனமுருகிய பயணிகள், "எங்கள் உணவில் அவனுக்குப் பங்கு தருகிறோம்; அவன் எங்களுடன் வரட்டும்" என்று மன்றாடினராம். வழிவழியாக அங்குச் சொல்லப்படும் செய்தி இது. அந்தப் பயணத்தில் உணவு எவ்வளவு அரிதாயிற்று என்பதை அறிந்தால், அவர்கள் தந்தது எத்தகைய பங்கு என்பது விளங்கும்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1987-இல், கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த குழு உலகப் பட்டத்தை வென்று கடல் கடந்து எடுத்துச் சென்றது. 1998-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா போலீஸ் குழுவும், 2010-இல் டப்ளின் நகரக் குழுவும் அப்பட்டத்தைப் பெற்றன. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் கொள்ளை நோயின் காரணமாகக் கிளாஸ்கோ திடல் ஓசையின்றிக் கிடந்தது. மூச்சால் இயங்கும் வாத்தியத்தைப் பலர் கூடி வாசிப்பதே அஞ்சத்தக்கதாயிருந்த காலம் அது. 2022-இல் மீண்டும் முரசுகள் உருண்டன. குழல்கள் ஒரே கணத்தில் வாய்திறந்தன.

அன்பர்களே, அந்த லண்டன் சங்கத்தார் ஆண்டு விருந்தும் பழம்பெருமைப் பேச்சும் போதுமென்று இருந்திருக்கலாம். அவர்கள் பரிசு வைத்தனர், நாள் குறித்தனர், வித்துவான்களைத் தேடி அழைத்தனர். நம் சங்கத்திலும் ஆண்டு விழா உண்டு. அதில் நம் குழந்தைகள் ஒரு பாட்டுப் பாடி இறங்குவர். நாமும் கைதட்டி வீடு திரும்புவோம். மறு வாரம் அக்குழந்தைக்குப் பாடம் சொல்ல யார் இருக்கிறார்? வீணையோ மிருதங்கமோ வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்குச் சங்கம் ஒன்றை இரவல் தருகிறதா? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இவ்விரு வினாக்களையும் எழுப்பலாம் என்று கருதுகிறோம். ஹெக்டர் கப்பலில் ஏறியவர்கள் தம் உணவிலேயே பங்கு தந்தனர். நாம் தர வேண்டியது வாரத்தில் ஒரு மாலைப் பொழுதே.