‘நடந்துடுச்சு’க்கும் ‘செஞ்சேன்’னுக்கும் நடுவுல

இந்த எபிசோட்ல பாலியல் வன்முறை பத்திக் கொஞ்சம் விவரமாவே பேசப் போறேன். இப்போ கேட்கிற மனநிலை இல்லைன்னா தயங்காம வேற எபிசோடுக்குப் போயிடுங்க.

தமிழ்ல நமக்கு ஒரு வசதி இருக்கு. சின்ன வயசுல டம்ளரைத் தள்ளிவிட்டது நாமளா இருந்தாலும், "அம்மா, டம்ளர் விழுந்துடுச்சு"ன்னு சொல்லியிருப்போம். டம்ளர் என்னமோ தானே நடந்து போய் விழுந்த மாதிரி. தள்ளினது யாருங்கிறது அந்த வாக்கியத்துல எங்கேயுமே இருக்காது. பஸ்ல வேணும்னே ஒரு பொண்ணைத் தொட்டுட்டு "தெரியாம பட்டுடுச்சு"ன்னு சொல்றவனும் இதே இலக்கணத்தைத்தான் பயன்படுத்துறான். எல்லா மொழியிலயும் இதுக்கு ஒரு வழி இருக்கு. அமெரிக்காவுல ஒரு கோர்ட்ல இந்த இலக்கணம் எவ்வளவு தூரம் போச்சுங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

2015 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி சுமார் ஒரு மணி. கலிபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகம். சுவீடன்ல இருந்து வந்து அங்கே படிச்சிட்டிருந்த ரெண்டு மாணவர்கள் சைக்கிள்ல போறாங்க. ஒரு குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி, தரையில ஒரு பொண்ணு மேல ஒருத்தன் இருக்கிறதைப் பார்க்கிறாங்க. முதல்ல கண்டுக்காம போயிருப்பாங்க. ஆனா அந்தப் பொண்ணு அசையவே இல்லை. இறங்கிக் கேட்டதும் அவன் எழுந்து ஓடுறான். ஒருத்தர் துரத்திப் பிடிக்கிறார். போலீஸ் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அவனை எழுந்திருக்க விடலை. போலீஸ்கிட்ட நடந்ததைச் சொல்லும்போது அவங்கள்ல ஒருத்தர் அழுதுட்டார்.

பிடிபட்டவன் பிராக் டர்னர். 19 வயசு, முதல் வருஷ மாணவன், ஸ்டான்ஃபோர்ட் நீச்சல் அணியில ஸ்காலர்ஷிப்ல வந்தவன். அந்தப் பொண்ணுக்கு 22 வயசு. ஸ்டான்ஃபோர்ட் மாணவி இல்லை, தங்கச்சிக்குத் துணையா அன்னைக்கு அந்தப் பார்ட்டிக்குப் போனவங்க. கண் முழிச்சது ஆஸ்பத்திரியில. என்ன நடந்ததுன்னு எதுவுமே ஞாபகம் இல்லை. தனக்கு என்ன செய்யப்பட்டதுங்கிற விவரத்தை அவங்க தெரிஞ்சுக்கிட்டதே, கொஞ்ச நாள் கழிச்சு ஆபீஸ்ல உட்கார்ந்து போன்ல செய்தி படிக்கும்போதுதான். அந்தச் செய்தியோட கடைசியில டர்னரோட நீச்சல் டைமிங் எல்லாம் போட்டிருந்தாங்க. அதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்திட்டேன். ஒரு கிரிமினல் கேஸ் செய்தியில அந்த நம்பர்களுக்கு என்ன வேலை?

இப்போ விசாரணைக்கு வருவோம். டர்னர் சொன்ன கதைப்படி, அந்தப் பொண்ணு சம்மதிச்சாங்க. ரெண்டு பேரும் தரையில எப்படி வந்தாங்கன்னு கேட்டா, சரிவுல அவங்க கால் இடறி, விழுந்துட்டாங்களாம். பார்த்தீங்களா, டம்ளர் விழுந்துடுச்சு. பிறகு அந்தப் பொண்ணு கோர்ட்ல படிச்ச அறிக்கையில இதுக்குப் பதில் இருக்கு: ஒரு பொண்ணு விழுந்தா எழுந்திருக்க உதவி பண்ணணும், அவ்வளவுதான்னு.

அவங்களுக்கு ஞாபகம் இல்லாததே எதிர்த் தரப்புக்கு வசதியாப் போச்சு. ரெண்டு சர்வர்ல ஒண்ணோட லாக் முழுக்க அழிஞ்சுட்டா, மிச்சம் இருக்கிற சர்வர் சொல்றதுதான் வரலாறு, இல்லையா? நல்லவேளையா இங்கே மூணாவது ஒரு லாக் இருந்தது, அந்த சைக்கிள் மாணவர்களோட சாட்சி. 2016 மார்ச்ல 12 பேர் கொண்ட ஜூரி ஒருமனதா மூணு குற்றச்சாட்டுலயும் டர்னர் குற்றவாளின்னு முடிவு பண்ணாங்க. அதுல ஒண்ணு, போதையில இருக்கிற பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்யும் நோக்கத்தோட தாக்கினது. ‘நோக்கத்தோட’ங்கிற வார்த்தையைக் கவனிச்சு வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

அதிகபட்சம் 14 வருஷம் வரைக்கும் தண்டனை கொடுக்கலாம். அரசுத் தரப்பு 6 வருஷம் கேட்டது. 2016 ஜூன் 2-ஆம் தேதி நீதிபதி ஆரன் பெர்ஸ்கி கொடுத்தது 6 மாசம், அதுவும் மாவட்டச் சிறையில, அப்புறம் 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. செப்டம்பர் 2-ஆம் தேதி, சரியா 3 மாசத்துல, வெளியே வந்துட்டான்.

எப்படி இது சாத்தியம்? தண்டனைக்கு முன்னாடி டர்னரோட சொந்தக்காரங்க, நண்பர்கள், தெரிஞ்சவங்கன்னு 30-க்கும் மேற்பட்டவங்க நீதிபதிக்கு லெட்டர் எழுதினாங்க. அப்பா எழுதின லெட்டர்தான் உலகம் முழுக்கச் சுத்துச்சு. 20 வருஷ வாழ்க்கையில வெறும் 20 நிமிஷச் செயலுக்கு இது ரொம்பப் பெரிய விலைன்னார். மகன் இப்போ ஆசையாச் சாப்பிடறது கூட இல்லைன்னு வருத்தப்பட்டார். நன்னடத்தை அதிகாரியோட ரிப்போர்ட் கூட, கஷ்டப்பட்டு வாங்கின நீச்சல் ஸ்காலர்ஷிப்பை இழந்துட்டான்கிறதைக் கணக்குல சேர்த்தது. டர்னரோட சொந்த அறிக்கையில, கல்லூரிகள்ல இருக்கிற குடிப் பழக்கத்துக்கு எதிரா மாணவர்கள்கிட்டப் பேசப் போறேன்னு இருந்தது. இவ்வளவு காகிதத்துல இருந்தது எல்லாமே பொய்னு சொல்ல முடியாது. ஸ்காலர்ஷிப் போனது நிஜம். சாப்பாடு இறங்காததும் நிஜமா இருக்கலாம். ஆனா ‘நான் இதைச் செஞ்சேன்’ங்கிற ஒரு வாக்கியம் மட்டும் எங்கேயும் வரலை.

இங்கே என் வேலையில இருந்து ஒரு விஷயம் சொல்லணும். நான் சாஃப்ட்வேர்காரன். எங்க ஃபீல்டுல சைட் படுத்துடுச்சுன்னா அப்புறம் ‘பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்’னு ஒரு மீட்டிங் நடக்கும். யார் செஞ்சாங்கன்னு விரல் நீட்ட மாட்டோம், என்ன நடந்தது, சிஸ்டம்ல எங்கே ஓட்டைன்னு மட்டும் எழுதுவோம். நான் ஒரு தடவை தப்பான ஸ்கிரிப்டை நிஜ டேட்டாபேஸ்லயே ஓட்டிட்டேன். அன்னைக்கு என்னைக் காப்பாத்தினது இந்தக் கலாசாரம்தான். எனக்கு இதுமேல பெரிய மரியாதை உண்டு.

ஆனா அந்த முறைக்கு அடியில ஒரு அனுமானம் இருக்கு. யாருமே சைட்டைப் படுக்க வைக்கணும்னு நினைச்சு வேலை செய்யலை, எல்லாரும் நல்லெண்ணத்தோடதான் இருந்தாங்கங்கிற அனுமானம். அது இருக்கிற வரைக்கும்தான் மொத்த விஷயமும் வேலை செய்யும். இப்போ அந்த ‘நோக்கத்தோட’க்கு வாங்க. ஜூரி உட்கார்ந்து, சாட்சி கேட்டு, நோக்கம் இருந்துச்சுன்னு சொல்லியாச்சு. அதுக்கப்புறமும் குடிப் பழக்கம், பார்ட்டி கலாசாரம்னு சூழ்நிலையை மட்டும் எழுதுறது, வேணும்னே டேட்டாவை அழிச்சவனுக்கு ‘டாக்குமென்டேஷன் சரியில்லை’ன்னு ரிப்போர்ட் எழுதுற மாதிரி.

சாராயம் ஒரு காரணம்தானேன்னு கேட்பீங்க. கூடவே இருந்த ஒரு சூழ்நிலை, ஒத்துக்கிறேன். அதே பார்ட்டியில எத்தனையோ பேர் குடிச்சாங்க, அந்தப் பொண்ணும் குடிச்சிருந்தாங்க. அதுல டர்னர் ஒருத்தன்தான் குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி போனான். எல்லாருக்கும் பொதுவா இருக்கிற ஒண்ணு, ஒருத்தன் மட்டும் செஞ்சதுக்கு எப்படி விளக்கம் ஆகும்? இதுல இன்னொரு வேடிக்கையும் உண்டு. குறுக்கு விசாரணையில அந்தப் பொண்ணை என்ன உடுத்தினீங்க, எவ்வளவு குடிச்சீங்க, ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு வரிசையாக் கேட்டாங்க. சாராயம் அவனுக்குச் சாக்கு, அவங்களுக்குக் குற்றச்சாட்டு.

இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுற இடம் பலபேர் கவனிக்காத ஒண்ணு. அந்தப் பொண்ணோட அறிக்கை பல லட்சம் பேர் படிச்சது, அதனால அவங்க கடுமையான தண்டனை கேட்டாங்கன்னு நினைக்கிறோம். அவங்க சொன்னது வேற. ஆரம்பத்துலயே குற்றத்தை ஒத்துக்கிட்டு, வருத்தம் தெரிவிச்சு, கேஸை முடிச்சிருந்தா, குறைஞ்ச தண்டனையை யோசிச்சிருப்பேன்னு சொன்னாங்க. அதாவது கருணைக்கு ஒரு கதவு திறந்தே இருந்துச்சு. அதுக்கு விலை ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லாம ஒரு வருஷத்துக்கு மேல இழுத்தடிச்சு, அவங்களைக் கூண்டுல ஏத்தி, அப்புறம் எல்லாரும் சேர்ந்து கருணை கேட்டாங்க.

என் நண்பன் ஒருத்தன் இதைக் கேட்டுட்டு, "ஆனாலும் 19 வயசுடா, வாழ்க்கை முழுக்கவா?"ன்னான். நியாயமான கேள்விதான். டர்னர் பேர் ஆயுள் முழுக்கப் பாலியல் குற்றவாளிகள் பட்டியல்ல இருக்கும், அமெரிக்க நீச்சல் சங்கம் நிரந்தரமாத் தடை பண்ணிடுச்சு. இது சின்ன விஷயம் இல்லை. ஆனா பொறுப்பேத்துக்க விடாம ஒரு பையனைக் காப்பாத்துறது அவனுக்கு நல்லதுதானாங்கிறது வேற கேள்வி. அதுக்கு இன்னொரு விளையாட்டு வீரரைப் பார்க்கணும்.

1995, நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். அமெரிக்கன் ஃபுட்பால்ல நாட்டோட முதல் தர அணி. அதோட நட்சத்திரம் லாரன்ஸ் பிலிப்ஸ். அந்த செப்டம்பர்ல முன்னாள் காதலியைத் தாக்கி, முடியைப் பிடிச்சு மாடிப்படியில இழுத்துட்டுப் போனார். அந்தப் பொண்ணும் அதே பல்கலைக்கழகத்தோட கூடைப்பந்து வீராங்கனை, அதை யாரும் பெரிசாச் சொல்றதில்லை. கோச் டாம் ஆஸ்போர்ன் பிலிப்ஸை 6 மேட்ச் வெளியே உட்கார வச்சுட்டுத் திரும்பச் சேர்த்துக்கிட்டார். அவர் சொன்ன காரணம், அனாதரவா வளர்ந்த பையன், ஃபுட்பால்தான் அவனுக்கு ஒரு ஒழுங்கு. அது முழுப் பொய்னு நான் நினைக்கலை. 1996 ஜனவரி 2, சாம்பியன்ஷிப் இறுதி. பிலிப்ஸ் 165 யார்டு ஓடினார், நெப்ராஸ்கா 62-24-னு ஜெயிச்சது. அடுத்து தொழில்முறை லீக்ல 6-ஆவது ஆளா எடுத்தாங்க, ரெண்டே சீசன்ல அந்த அணி கழட்டி விட்டுடுச்சு. பிறகு வேற குற்றங்கள், நீண்ட சிறை. 2015-ல சக கைதியைக் கொன்னதாக் குற்றச்சாட்டு. 2016 ஜனவரியில, வழக்கு முடியும் முன்னாடியே, சிறையிலயே செத்துப் போனார்.

அன்னைக்கே கண்டிச்சிருந்தா எல்லாம் மாறியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா டர்னரும் பிலிப்ஸும் ரெண்டு துருவம். ஒருத்தன் வசதியான வெள்ளைக்காரக் குடும்பம், இன்னொருத்தன் காப்பகங்கள்ல வளர்ந்த கறுப்பின இளைஞன். ரெண்டு பேருக்கும் சலுகை வந்த வழியும் வேற வேற. பிலிப்ஸ் அணிக்குத் தேவைப்பட்டார். டர்னர் விஷயத்துல, பெர்ஸ்கியே ஸ்டான்ஃபோர்ட்ல படிச்சவர், அங்கே லக்ராஸ் அணிக்கு கேப்டனா இருந்தவர். கண்ணாடியில பார்த்த மாதிரி இருந்திருக்கும்னு பலபேர் சொன்னாங்க, அது நிரூபிக்க முடியாத விஷயம்.

பெர்ஸ்கியை நீக்கணும்னு ஸ்டான்ஃபோர்ட் சட்டப் பேராசிரியர் மிஷெல் டாபர் இயக்கம் ஆரம்பிச்சார். 2018 ஜூன் 5-ஆம் தேதி மக்கள் ஓட்டுப் போட்டு நீக்கினாங்க. கலிபோர்னியாவுல 1932-க்கு அப்புறம் இப்படிப் பதவி போன முதல் நீதிபதி அவர். இதுல எனக்கு ரெண்டு மனசு. ஏழைகளுக்காக வாதாடுற அரசு வக்கீல்கள் பலபேரே இதை எதிர்த்தாங்க. பயந்துபோன நீதிபதிகள் கடுமை காட்டினா அடி விழப்போறது டர்னர் மாதிரி ஆளுங்க மேல இல்லை, கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் மேலன்னாங்க. அந்த வாதத்தை என்னால தள்ளிவிட முடியலை.

சட்டத்துல நடந்த மாற்றம்தான் எனக்கு இன்னும் உருப்படியாத் தெரியுது. அதுவரைக்கும் கலிபோர்னியாவுல பலாத்காரம் பயன்படுத்தினாத்தான் சில குற்றங்களுக்கு சிறை கட்டாயம். மயங்கிக் கிடக்கிறவங்க எதிர்த்துப் போராட முடியாது, அதனால பலாத்காரம் தேவைப்படாது, அதனால சிறை கட்டாயம் இல்லை. கோடுல இருந்திருந்தா யாராவது ரிவ்யூல பிடிச்சிருப்பாங்க. 2016 செப்டம்பர் 30-ஆம் தேதி கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட்ட சட்டம் அந்த ஓட்டையை அடைச்சது.

டர்னர் அப்பீல் போனான். வல்லுறவு நோக்கம் இருந்ததுக்கு ஆதாரம் இல்லைங்கிறது அவன் தரப்பு வாதத்துல ஒண்ணு. 2018 ஆகஸ்ட்ல அதுவும் தள்ளுபடி ஆச்சு. அதுவரைக்கும் கோர்ட் காகிதங்கள்ல அந்தப் பொண்ணுக்கு எமிலி டோங்கிற பொய்ப் பேர்தான். 2019 செப்டம்பர்ல அவங்களே வெளியே வந்து சொன்னாங்க: என் பேர் சானெல் மில்லர். ‘நோ மை நேம்’ங்கிற அவங்க புத்தகம் அதே மாசம் வந்துச்சு. அவங்க ஓவியரும் கூட. அந்தக் குப்பைத் தொட்டி இருந்த இடத்துல ஸ்டான்ஃபோர்ட் இப்போ ஒரு சின்னத் தோட்டம் வச்சிருக்கு.

இந்த எபிசோட் கேட்டு உங்களுக்கு யார்கிட்டயாவது பேசணும்னு தோணினா, பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.