ஊர்ப் பாடசாலை: நடத்துபவர் யார்? காப்பவர் யார்?

சிட்னியிலும் மெல்பேணிலும் வளரும் எம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் நூற்றுக்கணக்கான மாணவர் நிறைந்த பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர், தனியான நூலகம், அலுவலகம், விளையாட்டு மைதானம் என்பன அவர்களுக்கு இயல்பானவை. ஆனால் இதே மாநிலங்களின் உட்பிரதேசங்களிலே பத்துப் பதினைந்து பிள்ளைகளும் ஓரிரு ஆசிரியரும் மட்டுமே உள்ள அரச பாடசாலைகள் இன்றும் இயங்கி வருகின்றன. அவற்றை நடத்துபவர் யார்? பணம் எங்கிருந்து வருகின்றது? அங்கு பயிலும் பிள்ளை நகரப் பிள்ளைக்கு நிகராகக் கற்கின்றதா? இவ்வினாக்கள் எமக்குப் புறம்பானவை அல்ல. தாயகத்தில் எம்மிற் பலர் எழுத்தறிந்தது இத்தகைய சிறு பாடசாலைகளிலேதான். இங்கு வார இறுதியில் நாம் நடத்துவதும் ஒரு சிறு பாடசாலையே.

மூன்று நிருவாக முறைகள்

கிராமப் பாடசாலையை நடத்தும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐக்கிய அமெரிக்காவிலே 'பாடசாலை மாவட்டம்' என்னும் அமைப்பு உண்டு. அத்தகைய மாவட்டங்கள் அங்கே ஏறத்தாழ 13,000 உள்ளன. பெரும்பாலானவற்றில் ஊர் மக்களே வாக்களித்து ஒரு கல்விச் சபையைத் தெரிவு செய்கின்றனர். அச்சபை கல்விப் பணிப்பாளரை நியமிக்கின்றது, வரவுசெலவை விதிக்கின்றது. செலவில் ஒரு பெரும் பங்கு அவ்வூரின் வீடு, காணி மீது விதிக்கப்படும் வரியிலிருந்து வருகின்றது. மக்களின் கையில் அதிகாரம் இருப்பது இம்முறையின் சிறப்பு. ஊர் வறியதாயின் பாடசாலையும் வறியதாகக் கூடும் என்பது இதன் குறை. மாநில அரசின் உதவிப் பணமே அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது.

அவுஸ்திரேலியா வேறு வழியில் சென்றது. விக்ரோறியா 1872இல் இலவசமானதும் கட்டாயமானதும் மதச்சார்பற்றதுமான கல்விக்குச் சட்டம் இயற்றியது. நியூ சவுத் வேல்ஸிலே சேர் ஹென்றி பார்க்ஸின் முயற்சியால் 1880இல் பொதுக் கல்விச் சட்டம் நிறைவேறியது. குடியேற்றங்கள் பரந்து கிடந்தமையாலும், உள்ளூராட்சி வலுவற்று இருந்தமையாலும், பாடசாலைகள் யாவும் தலைநகரிலிருந்தே நிருவகிக்கப்பட்டன. இன்று நியூ சவுத் வேல்ஸில் 2,200க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் ஒரே கல்வித் திணைக்களத்தின் கீழ் உள்ளன. பேர்க்கில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பாங்ஸ்ரவுணில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் சம்பளத் திட்டம் ஒன்றே, பாடத்திட்டமும் ஒன்றே. ஊர் மக்கள் தெரிவு செய்யும் மாவட்டச் சபை இங்கு இல்லை. அதிபரும், அவருக்கு மேலே ஒரு தொகுதிப் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் பணிப்பாளரும், அவர்களுக்கு மேலே திணைக்களமும் அமைச்சருமாக ஆட்சி அடுக்கு அமைந்துள்ளது. பெற்றோர் தமது குரலைப் பெற்றோர் குடிமக்கள் சங்கத்தின் வாயிலாகவே எழுப்புகின்றனர். விக்ரோறியாவிலோ பாடசாலைச் சபை சட்டப்படி அமைந்தது. பெற்றோருக்கு அதில் இடமுண்டு.

எமது தாயகத்தின் வரலாறு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. யாழ்ப்பாணத்தில் ஊர்ப் பாடசாலைகளை முதலில் நிறுவியோர் மிசனரிமாரும், அவர்களுக்கு எதிராக எழுந்த சைவப் பெரியோரும் ஆவர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், 'இந்து போர்ட்' இராசரத்தினம் அவர்களின் உழைப்பால், கிராமந்தோறும் பாடசாலைகளைப் பரப்பியது. 1945இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழ் வந்தன. மாகாணம் வலயங்களாகவும், வலயம் கோட்டங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. தீவகம், துணுக்காய், மடு போன்ற கிராமிய வலயங்கள், அமெரிக்கச் சிறு மாவட்டத்துக்கு ஓரளவு ஒப்பானவை. ஆயினும் வலயத்தில் வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. மக்கள் தெரிவும் இல்லை.

ஓராசிரியர் பாடசாலையின் நடைமுறை

நியூ சவுத் வேல்ஸின் சிறு பாடசாலையில் அதிபரே ஆசிரியருமாவார். பாலர் வகுப்பு முதல் ஆறாம் ஆண்டு வரை ஏழு வகுப்புப் பிள்ளைகளும் ஓரிரு அறைகளில் அமர்ந்திருப்பர். சிறியோர் எழுத்துக் கூட்டும் வேளையில் பெரியோர் கணக்குச் செய்வர். பின்னர் பெரியோருக்கு விளக்கம், சிறியோருக்கு எழுத்து வேலை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு.

இம்முறை எமக்குப் புதிதன்று. எமது திண்ணைப் பள்ளியிலே சட்டாம்பிள்ளை செய்த பணி இதுவே. சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றைப் பொறுப்பேற்றிருந்த அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அவ்வூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதனைத் தமது விடுதியில் புகுத்தி, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்து, அந்த அனுபவத்தை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. கற்பிப்பவனும் கற்கிறான் என்பதே அதன் உட்பொருள்.

தூரத்தை வெல்லும் முயற்சி

1866ஆம் ஆண்டுச் சட்டப்படி, நியூ சவுத் வேல்ஸில் ஒரு பொதுப் பாடசாலை நிறுவ 25 பிள்ளைகள் வேண்டும். அத்தொகை இல்லாத இடங்களில் தற்காலிகப் பாடசாலைகள் தோன்றின. அதற்கும் பிள்ளைகள் போதாவிடின், ஓர் ஆசிரியர் இரு ஊர்களுக்கு மாறி மாறிச் சென்று கற்பித்தார். இவை 'பாதிநேரப் பாடசாலை' எனப்பட்டன. 1916 முதல் அஞ்சல் வழிக் கல்வியும் தொடங்கியது. 1951இல் அலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பாடசாலை ஆரம்பமாயிற்று. பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலிக் கருவிகளே அதற்குத் துணை நின்றன. 1956இல் புரோக்கன் ஹில் நகரிலும் அத்தகைய பாடசாலை தோன்றியது. மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள ரிபூபராவிலும் தொலைக்கல்வி உண்டு. இன்று வானொலியின் இடத்தைச் செய்மதியும் இணையமும் பெற்றுள்ளன. 2015இல் தொடங்கிய அரோரா கல்லூரி, கிராமப்புற மாணவர் தம் ஊர்ப் பாடசாலையில் இருந்தவாறே தேர்ந்த பாடங்களை இணைய வகுப்பில் கற்க வழி செய்துள்ளது.

ஆசிரியரைத் தொலைவூருக்கு அனுப்புவதே எல்லா நாடுகளிலும் பெரும் பிரச்சினை. இலங்கையிலே கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எனப் பாடசாலைகளை வகுத்து, ஆசிரியருக்கு மேலதிகப் படி வழங்குவதை நாம் அறிவோம். இங்கும் தொலைவுக்கேற்ப வாடகைச் சலுகையும், பின்னர் விரும்பிய இடத்துக்கு மாற்றம் பெறுவதற்கான புள்ளிகளும் வழங்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும் ஓரிரு ஆண்டுகளில் ஆசிரியர் மாறிச் சென்றுவிடின், பிள்ளையின் கல்வி மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரிடுகின்றது.

பணமும் பெறுபேறும்

டேவிட் கொன்ஸ்கி தலைமையிலான குழுவின் அறிக்கை 2012இல் வெளியாயிற்று. அதனை அடியொற்றி 2013இல் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகையைக் கணக்கிட்டு, அதன்மேல் தேவைக்கேற்ற மேலதிகத் தொகைகளைச் சேர்க்கின்றது. வறுமை, பழங்குடியினர், உடற்குறை, ஆங்கிலத் தேர்ச்சிக் குறைவு ஆகியவற்றோடு, பாடசாலையின் சிறுமைக்கும் தொலைவுக்கும் தனித்தனியே தொகை உண்டு. ஆரம்பப் பாடசாலையில் 300க்கும் உயர்தரப் பாடசாலையில் 700க்கும் குறைந்த மாணவர் இருப்பின், சிறு பாடசாலைக்குரிய மேலதிகத் தொகை சேரும். பத்துப் பிள்ளைகள் இருந்தாலும் கூரையும் வேண்டும், அதிபரும் வேண்டும் என்ற நியாயமே இதன் அடிப்படை. எனவே, சிறு பாடசாலையில் தலைக்கு ஆகும் செலவு கூடுதலாக இருப்பது வீண்செலவன்று.

பெறுபேற்றை அளப்பதிலும் கவனம் தேவை. 2008 முதல் 3, 5, 7, 9ஆம் ஆண்டு மாணவருக்கு 'நப்லான்' என்னும் தேசியத் தேர்வு நடைபெறுகின்றது. 2010 முதல் பாடசாலைவாரியாகப் பெறுபேறுகள் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. நகரத்திலிருந்து தொலைவு கூடக் கூடச் சராசரி குறைவது உண்மையே. ஆனால் ஒரு சிறு கணக்கைப் பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் 60 புள்ளி. சராசரி 60. அவர்களுள் ஒருவர் காய்ச்சலோடு வந்து 20 புள்ளி பெற்றால், சராசரி 52 ஆகிவிடும். நூறு பிள்ளைகள் உள்ள வகுப்பிலே இதே நிகழ்வு சராசரியை 59.6 ஆக மட்டுமே மாற்றும். ஆகவே சிறு பாடசாலையின் ஓராண்டுப் பெறுபேற்றைக் கொண்டு அதனைப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு. பல ஆண்டுப் போக்கையும், ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பதையும் நோக்க வேண்டும்.

பாடசாலை மூடப்படும்போது

விக்ரோறியாவிலே 1992 முதல் 1999 வரை ஆட்சி புரிந்த கெனற் அரசு, சிக்கனத்தின் பெயரால் 300க்கும் மேற்பட்ட பாடசாலைகளை மூடியது. நியூ சவுத் வேல்ஸில் மாணவரே இல்லாது போன பாடசாலையை உடனே மூடாது சிறிது காலம் இடைநிறுத்தி வைப்பதும் உண்டு. எமது வடபுலத்திலோ போரும் இடப்பெயர்வும் பாடசாலைகளின் கதவை அடைத்தன. மீண்டும் திறக்கப்பட்டவற்றுட் சில, பிள்ளைகள் போதாமையாற் பின்னர் மூடப்பட்டன. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைப் பட்டினத்துப் பெரிய கல்லூரிகளுக்கு அனுப்ப, ஊர்ப் பாடசாலையில் வறியோரின் பிள்ளைகளே எஞ்சினர்.

முன்னர் ஆசிரியப் பணி புரிந்த எமக்கு இதில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகின்றது. சட்டம் ஒரு பாடசாலையைத் திறக்கலாம். திணைக்களம் பணம் அனுப்பலாம். ஆனால் ஊரார் பிள்ளைகளை அனுப்பாவிடின் அதனை எவராலும் காக்க இயலாது. ஒரு சிறு பாடசாலையில் ஐந்து குடும்பங்கள் விலகுவது, பெரும் பாடசாலையில் நூறு குடும்பங்கள் விலகுவதற்கு ஒப்பாகும்.

எமது தமிழ்ப் பாடசாலைக்கும் இது பொருந்தும். எமக்கு வரி விதிக்கும் சபை இல்லை. சம்பளம் பெறும் ஆசிரியர் இல்லை. இரு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து கற்கின்றனர். உயர்தரப் பரீட்சைக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்கும் வாய்ப்பு இந்நாட்டில் உண்டு. ஆனால் சிறு வகுப்பிலே பிள்ளைகள் குறைந்தால் மேல் வகுப்பு தானாகவே வெறுமையாகும். பிள்ளைகளே, உங்களிலும் சிறியவருக்கு ஓர் எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள். பெற்றோரே, மழையென்றும் விருந்தென்றும் ஒரு வார வகுப்பைத் தவிர்க்க எண்ணும்போது, சிறு பாடசாலையின் கணக்கை ஒருகணம் நினைவு கூருங்கள். எம் பாடசாலை மென்மேலும் வளர்க!