திரையில் உடைந்தால் நட்டமில்லை

திருகோணமலைத் துறைமுகத்தின் நீருக்கடியில் ஒரு பெரிய இரும்புக் கட்டமைப்பு முதுகு முறிந்து கிடக்கிறது. சுழியோடிகள் அதைத் தேடிப்போய்ப் பார்த்து வருகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை இங்கே நிறுத்தியிருந்த மிதக்கும் கப்பல்துறை அது. 50,000 தொன் பாரத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்குவதற்கென்று கட்டப்பட்டது.

1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி எச்.எம்.எஸ். வேலியன்ட் என்ற போர்க்கப்பல் அதற்குள் ஏற்றப்பட்டது. மிதக்கும் துறையின் வேலைமுறை விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. அடித்தாங்கிகளில் நீரை நிரப்பினால் துறை தாழும், கப்பல் உள்ளே வரும். நீரை இறைத்தால் துறை கப்பலையும் சுமந்துகொண்டு உயரும். எந்தத் தாங்கியை முதலில் இறைப்பது, எதை அடுத்து இறைப்பது என்பதில்தான் சூட்சுமம். வேலியன்ட் அன்று முழு வெடிபொருட்களுடன் ஆழமாக அமிழ்ந்து நின்றது. அந்தப் பாரத்துக்குப் பொருந்தாத வரிசையில் தாங்கிகள் இறைக்கப்பட்டன. துறையின் முனைகள் தாங்கமுடியாத தகைப்புக்கு உள்ளாக, அது முறிந்து மூழ்கியது.

கப்பல் தப்பியது. ஆனால் அதன் உள்உந்திகள் இரண்டும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. நேராக ஓடமுடியாமல் சுயெஸ் வரை போன அந்தக் கப்பலின் உந்தித் தண்டுகளை, நீருக்கடியில் ஒட்சி-அசற்றலீன் சுவாலையால் அறுத்துவிட வேண்டியிருந்தது.

இதே வேலையை இன்று செய்கிறவர்கள், துறையையும் கப்பலையும் முதலில் கணினிக்குள் கட்டுவார்கள். ஒவ்வொரு தாங்கியாக அங்கே இறைத்துப் பார்ப்பார்கள். முறியும் என்றால் திரையில் முறியும். வரிசையை மாற்றி மறுபடியும் பார்க்கலாம். கணினிசார் வடிவமைப்பு, கணினிசார் உற்பத்தி என்று இயந்திரப் பொறியியலில் கற்பிக்கப்படும் இரட்டைப் பாடத்தின் பயன் இதுதான். பட்டறைகளில் இதைச் சுருக்கமாகக் ‘கேட்–கேம்’ என்பார்கள். முதலாவது, பொருளை அளவுகளோடு கணினியில் உருவாக்குவது. இரண்டாவது, அந்த உருவத்தை இயந்திரம் வெட்டுவதற்கான பாதையாக மாற்றுவது.

துறைமுகத்தைச் சுற்றி இந்தக் கல்விக்கு வேலை இல்லாமல் இல்லை. சீனக்குடாப் பக்கம் பிரிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் இருக்கின்றன. பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. கடற்படைத் தளமும் கொட்பே மீன்பிடித் துறைமுகமும் அருகே உள்ளன. இப்படிப்பட்ட இடங்களில் தண்டும் பெயாரிங்கும் பம்பும் இல்லாமல் ஒரு நாளும் நகராது. வெளிநாட்டு இயந்திரத்தில் ஒரு பாகம் தேய்ந்தால் மாற்றுப் பாகம் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, காசு இருந்தாலும் பாகம் வராது என்பதை நாடே கண்டது. தேய்ந்ததை அளந்து, வரைந்து, உள்ளூரிலேயே கடைந்து கொடுக்கத் தெரிந்தவரின் மதிப்பு அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு சிறு பாகத்தை எடுத்துக்கொள்வோம். மோட்டரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங். 40 மில்லிமீற்றர் தண்டில் ஏறி நிற்பது, தேவைப்படும்போது கழற்றக்கூடியது.

பழைய கப்ளிங்கின் துளையை அளந்தால் 40.3 மில்லிமீற்றர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் படிக்க வந்தவர் 40.3 என்றே வரைந்துவிடுவார். அது தேய்மானத்தின் அளவு; பாகம் பிறந்தபோது இருந்த அளவு வேறு. அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம். தண்டையும் கப்ளிங்கையும் ஒன்றாகப் பூட்டும் ‘கீ’ என்ற சிறு உலோகக் கட்டை அமர்வதற்காகத் துளைக்குள் இருக்கும் கீ வெட்டு அதற்குத் துணைக்கு வருகிறது. அதன் அகலம் 12 மில்லிமீற்றர். பொது நியமத்தின்படி, 38க்கு மேல் 44 வரையான விட்டமுள்ள தண்டுகளுக்குத்தான் 12 மில்லிமீற்றர் அகலமும் 8 மில்லிமீற்றர் உயரமும் உள்ள கீ வரும். ஆகவே தண்டு 40 ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்த முடிவுக்கு வரும்வரை கணினியைத் திறக்கவே தேவையில்லை.

அடுத்ததுதான் திரை. தட்டையான கோட்டுப்படம் ஒன்றை வரைந்து, அதற்குக் கட்டுப்பாடுகள் கொடுக்க வேண்டும்: இந்த வட்டமும் அந்த வட்டமும் ஒரே மையம், இந்தக் கோடு அதற்குச் செங்குத்து, இந்த விட்டம் 40. பிறகு அதை இழுத்தோ சுழற்றியோ முப்பரிமாண உருவமாக்கலாம். கையால் வரைந்த படத்தில் ஓர் அளவு மாறினால் முழுப் படத்தையும் அழித்து வரைய வேண்டும். இங்கே 40 என்ற எண்ணை 45 ஆக்கினால் துளை தானே பெருக்கும். ஆனால் 45 மில்லிமீற்றர் தண்டுக்கு 14க்கு 9 கீ வேண்டும். கீயின் அளவைத் தண்டின் அளவோடு முன்கூட்டியே பிணைத்து வைத்தவரின் மாதிரியில் அதுவும் மாறும். பிணைக்காதவரின் மாதிரி அழகாகத் தெரியும், ஆனால் பொருந்தாது.

இதற்கடுத்தது பொறுதி. உலகில் எந்த இயந்திரமும் மிகச் சரியாக 40 என்று வெட்டித் தராது. எவ்வளவு பிசகலாம் என்பதை வரைபவர்தான் சொல்ல வேண்டும். துளை 40.000 முதல் 40.025 வரை, தண்டு 39.984 முதல் 40.000 வரை என்று நியம அட்டவணை தரும் பொருத்தம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே மிஞ்சிப் போனாலும் 0.041 மில்லிமீற்றர் இடைவெளிதான். தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடக் குறைவு. இந்த எண்கள் இல்லாத வரைபடத்தைக் கடைபவரிடம் கொடுத்தால், அவர் தம் அனுபவத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான்.

பாகம் சுமையைத் தாங்குமா என்பதையும் மாதிரியிடமே கேட்கலாம். உருவத்தை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏறும் தகைப்பைக் கணக்கிடும் முறைக்கு 1960இல் ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ‘முடிவுறு கூறு முறை’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். திரையில் நீலமும் பச்சையும் சிவப்புமாக விரியும் படத்தைப் பார்த்ததும் மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் சுமை எவ்வளவு, எங்கே பிடித்திருக்கிறது, என்ன உலோகம் என்பதை ஊட்டுவது மனிதர். வேலியன்டின் வெடிபொருட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், இன்றைய கணினியும் துறை தாங்கும் என்றே சொல்லியிருக்கும்.

வரைதல் முடிந்ததும் உற்பத்திப் பாடம் தொடங்குகிறது. மறுபடியும் வரிசைதான் இங்கே தலைமை. கப்ளிங்குக்கு முதலில் முகத்தைச் சீவ வேண்டும், பிறகு துளையிட வேண்டும், பிறகு துளையைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முகமும் துளையும் ஒரே பிடியில், பாகத்தைப் பிடித்திருக்கும் ‘சக்’கிலிருந்து கழற்றாமல் வெட்டப்பட்டால்தான் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். கீ வெட்டு கடைசியில் வர வேண்டும். அதை முன்னால் வெட்டிவிட்டுத் துளையைக் கடைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுக்கருவி அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும், நுனி உடையும்.

வேகமும் கணக்குத்தான். மென்னுருக்கைக் காபைட் நுனியால் நிமிடத்துக்கு 100 மீற்றர் வேகத்தில் வெட்டத் தீர்மானித்தால், 40 மில்லிமீற்றர் விட்டத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 796 சுற்றுகள் வரும். 100ஐ 1000ஆல் பெருக்கி, விட்டத்தாலும் 3.14ஆலும் வகுத்தால் போதும். படகுத் தண்டுகளுக்குப் பயன்படும் துருப்பிடிக்காத உருக்கு என்றால் இன்னும் கவனம் தேவை. கருவி வெட்டாமல் உரசினால் அந்த உலோகத்தின் மேற்பரப்பு இறுகிவிடும். அடுத்த சுற்றில் அதுவே கருவியைத் தின்னும்.

இந்தத் தீர்மானங்கள் எல்லாவற்றையும் மென்பொருள் இயந்திரத்தின் மொழிக்கு மாற்றுகிறது. அந்த மொழி மிகச் சிறியது. ஜி00 என்றால் வெட்டாமல் விரைந்து நகர். ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. ஜி02 வலஞ்சுழி வில், ஜி03 இடஞ்சுழி வில். எம்03 சுழலச் சொல்லும், எம்08 குளிரூட்டும் திரவத்தைத் திறக்கும், எம்30 வேலையை முடிக்கும். ஜி01 வர வேண்டிய இடத்தில் ஜி00 வந்துவிட்டால், கருவி உலோகத்துக்குள் முழு வேகத்தில் பாயும். அதனால்தான் நல்ல ஆசிரியர்கள், மென்பொருள் எழுதித் தரும் நிரலையும் வரிவரியாக வாசிக்கப் பழக்குகிறார்கள்.

இந்தக் கலை பிறந்த கதையிலும் கடலின் பங்கு உண்டு. எண்களால் இயங்கும் இயந்திரத்தை 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் செய்துகாட்டியது. அதற்குத் தூண்டுகோலானவர், ஹெலிகொப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாகச் செய்ய வழி தேடிய ஜோன் பார்சன்ஸ். 1963இல் அதே எம்ஐடியில் ஐவன் சதர்லாந்து, ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையும் ‘ஸ்கெட்ச்பாட்’ என்ற முறையை உருவாக்கினார். இன்று ஒவ்வொரு வடிவமைப்பு மென்பொருளிலும் இருக்கும் ‘ஸ்ப்ளைன்’ என்ற வளைகோடோ, கப்பல் கட்டுவோரிடமிருந்து வந்தது. வளையக்கூடிய மெல்லிய மரச் சட்டத்தை ஈயக் கட்டிகளால் அங்கங்கே அழுத்திப் பிடித்து, கப்பலின் உடல்வளைவைத் தரையில் முழு அளவில் வரைவார்கள். அந்தச் சட்டத்தின் பெயர்தான் ஸ்ப்ளைன். ஒரு சட்டத்தை வளைத்துக் கண்ணால் பார்த்தே வளைவின் குறையைக் கண்டுபிடிக்கும் ஓடாவியாரின் மகனோ மகளோ இந்தப் பாடத்தைப் படிக்க வந்தால், மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்.

எங்கே படிப்பது? 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியதிலிருந்து, பொறியியல் தொழில்நுட்பம் பாடசாலைக்குள்ளேயே வந்துவிட்டது. திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. ஏழு தரங்கள் கொண்ட தேசிய தொழில் தகைமையில் 4ஆம் தரம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7ஆம் தரம் பட்டத்துக்குச் சமம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இந்த வழியில் போகிறவர்களுக்கானது. பட்டப்படிப்பு வேண்டுமானால் பேராதனை, மொறட்டுவை போன்றவற்றோடு, கிழக்கிலேயே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது.

செலவைப் பற்றிய அச்சத்தை ஓரளவு தள்ளிவைக்கலாம். பெரிய நிறுவனங்களின் மென்பொருட்கள் விலை கூடியவை என்பது உண்மை. ஆனால் 2002இல் தொடங்கி 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிய ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம். வரைவதற்கும் வெட்டும் பாதையை உருவாக்குவதற்கும் அதிலேயே வசதி உண்டு. இயந்திரத்தை இயக்கும் லினக்ஸ்சிஎன்சியும் இலவசம். சாதாரண மடிக்கணினி ஒன்றில், இயந்திரம் ஒன்றையும் தொடாமல், முதல் ஆறு மாதப் பாடத்தை ஒருவர் வீட்டிலிருந்தே செய்துபார்க்க முடியும்.

மொழிதான் பெரிய மதில். பாடப்புத்தகத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சி என்று படித்த பிள்ளை, பட்டறைக்குள் நுழைந்ததும் ‘மைக்ரோமீற்றரை எடு’ என்ற குரலைக் கேட்டுத் திகைத்து நிற்கிறது. மென்பொருளின் கட்டளைகள் ஆங்கிலத்தில். பொறியியல் பீட விரிவுரைகளும் ஆங்கிலத்தில். பொருள் தெரிந்த பிள்ளை, பெயர் தெரியாததால் பின்வாங்குவது பெரிய இழப்பு. புத்தகப் பெயர், பட்டறைப் பெயர், திரையில் வரும் பெயர் என மூன்று பத்திகள் கொண்ட சொற்பட்டியலை ஒவ்வொரு வகுப்பும் முதல் நாளே தொடங்கினால், ஓராண்டு முடிவில் அந்தக் கொப்பியே ஒரு அகராதியாகிவிடும். ஆசிரியர்கள் இதை உடனே செய்யலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

கடைசியில் எல்லாம் இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்கும். திரையில் ஒத்திகை முடிந்தபின், முதல் ஓட்டத்தை உலோகத்தை விட்டுச் சற்று விலக்கி, வெறும் காற்றில் ஓட்டுவது வழக்கம். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை பொத்தானை அழுத்தி, அடுத்த கை நிறுத்தும் பொத்தானின் மேல் இருக்க, கருவி சக்கை நெருங்கும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு உண்மையான வெட்டு. சீவல் சுருள் சுருளாக விழும், குளிரூட்டும் திரவம் வெள்ளையாகத் தெறிக்கும். துளையைத் துடைத்து அளந்தால் 40.012. அனுமதித்த எல்லைக்குள். தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கப்ளிங்கைக் கையால் அழுத்தினால், சுத்தியல் தேவைப்படாமல், ஆடாமல், அது மெல்ல வழுக்கி ஏறுகிறது.