கணனிக்கும் ஒரு கிரேட் வேண்டும்

ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் கடைக்கணக்கு, பற்றுச்சீட்டு, சரக்கிருப்பு எல்லாம் இன்று கணனிக்குப் போய்விட்டன. கிளைகள் வைத்திருப்போர் சிலர் ஒரே சேர்வருக்குள் பல மெய்நிகர் கணனிகளை ஓட விடுகிறார்கள். ஒரு கட்டடத்தைத் தடுத்துப் பல கடைகள் நடத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுத்துக் கொடுக்கும் மென்பொருள்தான் உள்ளே இருக்கும் கணனிக்கு, "உன் புரொசெசர் இன்ன வகை" என்று சொல்கிறது. அது எதைச் சொல்ல வேண்டும்?

"இருக்கும் புரொசெசரை அப்படியே காட்டு" என்பது ஒரு வழி. வேகம் முழுதாகக் கிடைக்கும். ஒரே சேர்வர் வைத்திருப்பவருக்கு இது போதும். ஆனால் இரண்டாவது சேர்வர் பழையதாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கணனியை அதற்கு மாற்ற முடியாது. மாற்றினாலும், இல்லாத வசதியைத் தேடி அது விழுந்துவிடும். தோட்டச் சம்பள நாளில், கடை நிறையச் சனம் நிற்கும்போது இது நடந்தால் என்ன கதி?

தேயிலையை யோசித்துப் பாருங்கள். பீ.ஓ.பி. என்றால் எந்தத் தோட்டத்துச் சரக்கானாலும் இலையின் அளவு வாங்குபவருக்குத் தெரியும். புரொசெசருக்கும் அப்படிப் பெயரிட்ட, மாறாத கிரேட் வேண்டும். நம்மிடமுள்ள எல்லா சேர்வர்களுக்கும் பொதுவானதே அந்தக் கிரேட். வீஎம்வெயார் நிறுவனம் 2008இல் இதற்கென்றே ஒரு வசதியைக் கொண்டுவந்தது.

கிரேட்டின் பெயர் ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் இருக்கக் கூடாது. 2014 ஓகஸ்ட்டில் இன்டெல் தன் ஹஸ்வெல் புரொசெசர்களில் டீ.எஸ்.எக்ஸ். என்ற வசதி பிழையானது என அறிவித்து, அதை முடக்கும் திருத்தத்தை வெளியிட்டது. கியூஎம்யூ மென்பொருளைச் செய்வோர் 2015இல் 'ஹஸ்வெல்' என்ற பெயரை இருந்தபடியே விட்டு, டீ.எஸ்.எக்ஸ். இல்லாததற்குப் புதுப் பெயர் சேர்த்தார்கள். நாணயமான வியாபாரி செய்வதும் இதைத்தான்.

அதற்காக மிகக் கீழான கிரேட்டையும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. 2022இல் வந்த ரெட் ஹட் லினக்ஸ் 9, மிகப் பழைய வகை புரொசெசரைக் காட்டினால் எழும்பவே எழும்பாது. புரொக்ஸ்மொக்ஸ் மென்பொருளும் 2023இல் தன் வழக்கமான கிரேட்டை உயர்த்திக்கொண்டது.

ஆகவே வர்த்தக அன்பர்களே, சேர்வர் பூட்ட வருபவரிடம் விலையோடு இதையும் கேளுங்கள்: "எந்தப் புரொசெசர் வகையை வைத்திருக்கிறீர்கள்? மற்ற சேர்வரில் அது ஓடுமா? ஓட்டிக் காட்டுங்கள்." காசு கொடுக்குமுன் கேட்டுவிட்டால் நல்லது.