பாலைநிலத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை

களுபோவிலையிலிருந்து தெகிவளைக் கடற்கரைக்கு அதிக தூரமில்லை. தார்வீதியில் இலகுவாக உருண்டு வந்த துவிச்சக்கர வண்டி, கரையின் உலர்ந்த மணலை எட்டியதும் புதைந்து நின்றுவிடும். அலை நனைத்துச் சென்ற ஈரமணலிலோ அதே வண்டி ஓடும். மணலை நீர் பிணைத்து வைத்திருப்பதே காரணம். அங்ஙனமாயின், நீரற்ற பாலைநிலத்தில் வண்டி ஓட்டுவது எவ்வாறு? ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த வறண்ட நிலத்தில் ஆண்டுதோறும் பல்லாயிரவர் ஓட்டுகின்றனர்.

அவர்களுடையது மலைத் துவிச்சக்கர வண்டி. 1970களில் கலிபோர்னியாவில், மரின் பகுதி இளைஞர் சிலர் பழைய கனத்த வண்டிகளில் மலைச்சரிவுகளில் பாய்ந்து இறங்கி விளையாடியதிலிருந்து அது பிறந்தது. 1976இல் தொடங்கிய அவர்களது பந்தயத்துக்கு 'ரீபாக்' என்று பெயர். ஒருமுறை இறங்கினாலே பின்சில்லின் தடையிலுள்ள கிறீஸ் புகைந்து தீர்ந்துவிடுமாம். மறுபடி அடைத்தாக வேண்டும். அந்தத் தொல்லையே பெயராயிற்று. 20 ஆண்டுகளின் பின், 1996இல், இவ்விளையாட்டு ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. அகன்ற ரயரும் குறைந்த காற்றழுத்தமுமே இவ்வண்டியின் பலம். ரயர் தட்டையாகிப் பாரத்தைப் பரந்த இடத்தில் இறக்குவதால் எளிதில் புதைவதில்லை.

மோவாப்பின் புகழ்பெற்ற பாதை மணலில் அன்று, கல்லாகிப்போன மணலில் செல்கிறது. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றுக் குவித்த மணற்குன்றுகளே இன்று பாறை மேடுகளாக நிற்கின்றன. குதிரைகளின் இரும்பு லாடம் சறுக்கியதால் 'வழுக்குப்பாறை' எனப் பெயர் பெற்றது. ஆனால் இரும்பை வழுக்கவிடும் அப்பாறை இறப்பரை இறுகப் பற்றிக்கொள்கிறது. 1876இல் ஹெனரத்கொடவில் இறப்பர்க் கன்றுகளை நட்டுக் காத்த இலங்கையர்க்கு இச்செய்தி சிறிது மகிழ்ச்சி தரலாம். 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்கென அமைக்கப்பட்ட அப்பாதையில் வெள்ளைப் பூச்சுக் கோடுகளே வழிகாட்டுகின்றன.

பாறையை விட்டு மண்ணில் இறங்கும் இடத்தில்தான் உண்மையான கவனம் வேண்டும். அங்கே நிலத்தின் மேல் கறுத்து, மேடுபள்ளமாக ஒரு பொருக்குக் காணப்படும். பார்ப்பதற்கு அழுக்குப் படிந்த மண். உண்மையில் அது உயிருள்ளது. கண்ணுக்குப் புலப்படாத நீலப்பச்சை நுண்ணுயிர்கள், மழை பெய்யும்போதெல்லாம் மணலூடே நகர்ந்து, பசைமிக்க இழைகளை விட்டுச் செல்கின்றன. அவ்விழைகள் மணலை வலைபோற் பின்னிப் பிணைக்கின்றன. தெகிவளையில் ஈரம் ஒருபொழுது செய்யும் வேலையை, அங்கே இவ்வுயிர்கள் ஆண்டு முழுவதும் செய்கின்றன. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குவதும் அவையே.

காய்ந்த பொருக்கு எளிதில் நொறுங்கும். ஒரு சில்லு ஒருமுறை ஏறினால் போதும். பழைய நிலைக்கு மீளப் பல பத்தாண்டுகள் செல்லும். அதுவரை மண் காற்றில் பறக்கும். அப்பீடபூமியில் எழும் தூசி தொலைவிலுள்ள மலைகளின் பனிமேற் படிகிறது. கருமை படிந்த பனி வெயிலை அதிகம் உறிஞ்சுவதால், உரிய காலத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே உருகிவிடுகிறது. கொலராடோ ஆற்றுக்கு நீரூட்டுவது இப்பனிதான்; அந்த ஆற்றை ஏறத்தாழ 4 கோடி மக்கள் நம்பியிருக்கின்றனர்.

ஆகவேதான் பாதை ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலத்தில் உள்ளது. குழியையோ சேற்றையோ கண்டு பக்கமாக விலகி ஓட்டுவது, ஓட்டுநர்க்குச் சிறு வசதி. பின்வருவோர்க்கு அதுவே இரண்டாவது பாதை. பழகியவர்கள் குழிக்குள்ளேயே இறங்கி ஏறுவர். எதிரே ஒருவர் வந்தால், அருகில் வெறும் பாறை இருந்தால் அதில் கால் வைப்பர். இல்லையேல் பாதைக்குள்ளேயே நின்று, வண்டியைப் பின்சில்லில் நிமிர்த்திப் பிடித்து, மற்றவர் உரசிச் செல்ல இடம் விடுவர்.